உறை அதே, உள்ளே வேறு: அமெரிக்கக் கடையில் லண்டன் சாமான் வாங்குவது எப்படி?

கேள்வி: நான் லண்டன் ஹாரோவில் பிறந்து வளர்ந்தவள். கணவரின் வேலைக்காக நியூ ஜெர்சியில் உள்ள எடிசனுக்குக் குடிவந்திருக்கிறோம். ஆறு வயது மகன் இங்கே வாங்கும் பேக்டு பீன்ஸை ஒரு வாய் வைத்ததும் தட்டைத் தள்ளிவிடுகிறான். கேட்பரி டெய்ரி மில்க் வாங்கினால் அதுவும் வேறு ஏதோ சாக்லேட் போல இருக்கிறது. இணையத்தில் ‘ஒரிஜினல் யூகே’ என்று போட்டிருந்த ஒருவரிடம் நாலு மடங்கு விலை கொடுத்து வாங்கினேன். வெள்ளை பூத்துப் போய் வந்தது. டீயும் வாய்க்கவில்லை. அம்மா லண்டனிலிருந்து பார்சல் போடட்டுமா என்று கேட்கிறார். நாங்கள் சைவம். என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் மகன் சொல்வது சரி. அவனை அதட்ட வேண்டாம்.

அமெரிக்காவில் விற்கும் டெய்ரி மில்க்கைச் செய்வது ஹெர்ஷே நிறுவனம். 1988இல் கேட்பரியின் அமெரிக்க மிட்டாய் வியாபாரத்தை ஹெர்ஷே வாங்கியபோது, அந்தப் பெயரில் இங்கே சாக்லேட் செய்து விற்கும் உரிமையும் சேர்ந்தே வந்தது. உறை அதே ஊதா நிறம்தான். பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். லண்டனில் வாங்கியதில் உட்பொருள் வரிசை பாலில் தொடங்கும், இங்கே சர்க்கரையில் தொடங்கும். எது எடையில் அதிகமோ அதை முதலில் போட வேண்டும் என்பது இரண்டு நாட்டிலும் சட்டம். மற்றதை நாக்கு சொல்லிவிடும்.

சரி, லண்டன் கேட்பரியை யாராவது முறையாக இறக்குமதி செய்து விற்கலாமே என்று கேட்பீர்கள். செய்துகொண்டுதான் இருந்தார்கள். ஹெர்ஷே வழக்குப் போட்டது. 2015 ஜனவரியில், ‘லெட்ஸ் பை பிரிட்டிஷ் இம்போர்ட்ஸ்’ என்ற இறக்குமதியாளர் இனி பிரிட்டனில் செய்த கேட்பரியைக் கொண்டுவருவதில்லை என்று சமரசத்துக்கு ஒத்துக்கொண்டார்கள். கூடவே யார்க்கி, டாஃபி கிரிஸ்ப் என்ற பிரிட்டிஷ் சாக்லேட்டுகளும் போயின. யார்க்கி என்ற பெயர் ஹெர்ஷேயின் யார்க் பெப்பர்மின்ட் பேட்டி என்ற மிட்டாயின் பெயர் போல இருக்கிறதாம். டாஃபி கிரிஸ்ப்பின் ஆரஞ்சு உறை ஹெர்ஷேயின் ரீசஸ் சாக்லேட் உறை போல இருக்கிறதாம். டாஃபி கிரிஸ்ப் கேட்டு வந்த எந்த ஆங்கிலேயர் ரீசஸை எடுத்துக்கொண்டு ஏமாந்து போனார் என்று யாரும் காட்டியதாக எனக்கு நினைவில்லை. இறக்குமதிக் காகிதம் எழுதிப் பிழைக்கும் எனக்கு இதெல்லாம் பழகிவிட்டது. உங்களைப் போன்றவர்கள் கேட்கும்போதுதான் எரிச்சல் வருகிறது.

இப்போது அந்த இணைய வியாபாரியைக் கவனியுங்கள். முறையான வழி அடைபட்ட சரக்கு அவரிடம் எப்படி வந்தது? பெரும்பாலும் யாரோ பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தது, இல்லையென்றால் ஏதோ ஒரு கையிருப்பில் கழித்துக்கட்டியது. எங்கே வைத்திருந்தார்கள், எத்தனை கோடை பார்த்தது என்று யாருக்கும் தெரியாது. உங்கள் சாக்லேட்டில் பூத்திருந்த வெள்ளை பூஞ்சை இல்லை. ஒருமுறை உருகி மறுபடி இறுகும்போது கொழுப்பு மேலே வந்து படிகிறது. சாப்பிட்டால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அதற்குப் போய் நாலு மடங்கு விலையா?

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பிரிட்டிஷ் பாக்கெட்டில் தேதி நாள்-மாதம் என்று வரும், அமெரிக்காவில் மாதம்-நாள். ‘04/09’ என்பது லண்டனில் செப்டம்பர் 4, இங்கே ஏப்ரல் 9. ‘09/04’ என்று அச்சான பாக்கெட் ஏப்ரலிலேயே காலாவதி. ஆனால் செப்டம்பர் வரை இருக்கிறது என்று சொல்லி ஜூலையில் தலையில் கட்டுகிறவர்கள் உண்டு. உங்களுக்கு லண்டன் தேதி பழக்கம், அதனால் தப்பிப்பீர்கள். வீட்டுக்கு வரும் அமெரிக்கத் தோழிகள் ஏமாறுவார்கள்.

பாக்கெட்டின் பின்னால் ஒரு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்க முறைப்படி ஊட்டச்சத்து அட்டவணையும் இறக்குமதியாளரின் பெயர், ஊரும் அதில் இருக்க வேண்டும். பார்க்க அசிங்கமாக, கோணலாக ஒட்டியிருப்பார்கள். இருந்தாலும் அது நல்ல அறிகுறி. சரக்கு காகிதத்தோடு வந்திருக்கிறது, ஏதாவது ஆனால் கேட்க ஓர் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். ஸ்டிக்கரே இல்லாத ‘ஒரிஜினல் யூகே’ என்றால் பெட்டிச் சரக்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே வருத்தம், அந்த ஸ்டிக்கரைப் பல நேரம் சரியாக ‘சைவர்களுக்கு ஏற்றது’ என்ற வரியின் மேலேயே ஒட்டிவிடுவார்கள். நகத்தால் ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள், கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

சைவம் என்று சொன்னதால் பீன்ஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இங்கே பலர் தடுக்கி விழுகிறார்கள். அமெரிக்க பேக்டு பீன்ஸ் என்பது வெல்லப்பாகும் பழுப்புச் சர்க்கரையும் போட்ட இனிப்புப் பண்டம். அதோடு பன்றி இறைச்சியும் சேர்வது இங்கே வழக்கம். கடைகளில் அதிகம் கண்ணில் படும் புஷ்ஸ் ஒரிஜினலில் பேக்கன் இருக்கிறது. டப்பாவின் முகப்புப் படத்தை மட்டும் பார்த்து எடுக்காதீர்கள், உட்பொருள் பட்டியலைப் படியுங்கள். இந்தியாவில் போல பச்சைப் புள்ளி இங்கே கிடையாது. ‘சரி, ஹைன்ஸ் என்று எழுதியிருக்கிறதே, அது நம்ம பீன்ஸ்தானே’ என்று எடுத்துவிடாதீர்கள். ஹைன்ஸ் பிறந்ததே பென்சில்வேனியாவில்தான். அமெரிக்கர்களுக்காக அவர்கள் செய்யும் ‘வெஜிடேரியன் பீன்ஸ்’ தனியாக ஒன்று உண்டு. அது சைவம், அதில் சந்தேகமில்லை. ஆனால் உங்கள் மகனின் பீன்ஸ் அல்ல. லண்டனில் சாப்பிட்டதைவிட இனிப்பு அதிகம். நீங்கள் தேட வேண்டியது நீலப்பச்சை டப்பா, முகப்பில் ‘பீன்ஸ்’ என்பதைக் கடைசியில் ‘இசட்’ எழுத்துப் போட்டு அச்சடித்திருப்பார்கள், தக்காளிச் சாறில் ஊறியது. அந்த டப்பா அமெரிக்கக் கடைகளிலும் வருகிறது. ஆனால் மற்ற பீன்ஸோடு அடுக்கமாட்டார்கள். ‘இன்டர்நேஷனல்’ என்று பலகை தொங்கும் வரிசையில், பாஸ்தாவுக்கும் மெக்சிகன் சல்சாவுக்கும் நடுவே, இங்கிலாந்துக் கொடி ஒட்டிய இரண்டு அடுக்குக்குள் ஒளிந்திருக்கும். வெக்மன்ஸ் போன்ற பெரிய கடைகளில் அங்கேயே மார்மைட், பிரான்ஸ்டன் பிக்கிள், எச்பி சாஸ், மெக்விட்டீஸ் டைஜெஸ்டிவ் எல்லாம் பார்க்கலாம். வேர்ல்ட் மார்க்கெட் கடைகளிலும் இருக்கும்.

உங்களுக்கு அதைவிட நல்ல வழி வாசலிலேயே இருக்கிறது. எடிசனில் இருந்துகொண்டு ஓக் ட்ரீ ரோடு இந்தியக் கடைகளை விட்டுவிட்டு இணையத்தில் ஏன் தேடுகிறீர்கள்? பிஜி டிப்ஸ், வீட்டாபிக்ஸ், டைஜெஸ்டிவ், பேர்ட்ஸ் கஸ்டர்ட் பவுடர் இவையெல்லாம் அங்கே சாதாரணச் சரக்கு, விலையும் பெரும்பாலும் குறைவு. கேட்பரி மட்டும் அங்கே இந்தியாவில் செய்தது, அதன் ருசி வேறு. ஹார்லிக்ஸும் அப்படித்தான். இந்தியாவில் அது இந்துஸ்தான் யூனிலீவர் கையில் இருக்கிறது, பிரிட்டனில் வேறு நிறுவனம். ஹார்லிக்ஸை லண்டன் சாமான் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்த நிறுவனம் முதலில் தொடங்கியது இதே அமெரிக்காவில், சிகாகோவில், 1873இல்.

ஒரு சனிக்கிழமை நேரம் கிடைத்தால் கார்னி வரை காரில் போய் வாருங்கள். நூல் ஆலை வேலைக்காக ஸ்காட்லாந்துக்காரர்கள் வந்து குடியேறிய ஊர். அவர்கள் சாமான் விற்கும் கடைகள் இன்னும் அங்கே உண்டு. மன்ஹாட்டனுக்குப் போனால் மையர்ஸ் ஆஃப் கெஸ்விக் என்ற பிரிட்டிஷ் மளிகைக் கடை இருக்கிறது. விலை மன்ஹாட்டன் விலைதான்.

அம்மாவின் பார்சலுக்கு வருகிறேன். முன்பு 800 டாலர் வரை மதிப்புள்ள பார்சலுக்குச் சுங்க வரி கிடையாது. 2025 ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாடுகளுக்கும் அந்தச் சலுகையை எடுத்துவிட்டார்கள். அப்போது பல நாட்டுத் தபால் துறைகள் அமெரிக்கப் பார்சலை வாங்குவதையே கொஞ்ச நாள் நிறுத்திவைத்தன. யார் வரியை வசூலிப்பது, எப்படிக் கட்டுவது என்று முடிவாகும் முன்பே உத்தரவு வந்துவிட்டது, இங்கே வழக்கம்போல. ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பும் உண்மையான அன்பளிப்பு 100 டாலருக்குள் இருந்தால் இன்னும் வரி இல்லை. அம்மா அதற்குள் நிறுத்திக்கொள்ளட்டும். உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாக எழுதட்டும்: டீ இத்தனை பாக்கெட், பிஸ்கட் இத்தனை, விலை இவ்வளவு. தபால் வழியே அனுப்பட்டும். தனியார் கூரியர் என்றால் வரியை அவர்கள் கட்டிவிட்டு, கட்டித் தந்ததற்கு ஒரு கட்டணமும் உங்களிடம் வாங்குவார்கள். சாக்லேட்டைவிட அந்தக் கட்டணம் பெரிதாக இருக்கும்.

முக்கியமாக, பார்சல் கடைக்காரர் யாராவது, “அன்ட்டி, பழைய துணி என்று எழுதிடலாம், யாரும் திறந்து பார்க்கமாட்டாங்க” என்று சொன்னால் அம்மா அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். திறந்து பார்ப்பார்கள். படிவத்தில் கையெழுத்து உங்கள் அம்மாவுடையது, கடைக்காரருடையது இல்லை. சாமான் பறிபோனால் அவர் பணத்தையும் திருப்பித் தரமாட்டார். இப்படிப் பொய் எழுதிப் பழகிய இடைத்தரகர்களால்தான் சுங்கத்தில் இருப்பவர்கள் ஒழுங்காக எழுதிய பார்சலையும் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள்.

அம்மா நேரில் வரும்போது பெட்டியில் கொண்டுவருவதுதான் எல்லாவற்றிலும் நல்லது. சாக்லேட், டீ, பிஸ்கட் எதற்கும் தடையில்லை, ஆனால் உணவு இருக்கிறது என்று விமான நிலையத்தில் சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டால், கூடாத பொருள் இருந்தாலும் எடுத்து வைத்துக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். சொல்லாமல் மாட்டினால்தான் அபராதம். பேரனுக்கு ஆசையாகக் கின்டர் சர்ப்ரைஸ் முட்டை மட்டும் வேண்டாம். தின்பண்டத்துக்குள் தின்ன முடியாத பொருளைப் புதைக்கக் கூடாது என்று 1938ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் அதைத் தடுக்கிறது. பொம்மையையும் இனிப்பையும் தனித்தனி அறையில் வைத்த கின்டர் ஜாய் இங்கேயே கிடைக்கும்.

கடைசியாக டீ. டெட்லி வாங்கியிருந்தால் ‘பிரிட்டிஷ் பிளெண்ட்’ என்று போட்டதா என்று பாருங்கள், மற்றவை அமெரிக்கர்களுக்கானவை. பிஜி டிப்ஸோ யார்க்‌ஷயர் டீயோ போட்டும் ருசி சரியில்லை என்றால் இலையைக் குறை சொல்லாதீர்கள். லண்டன் தண்ணீர் சுண்ணாம்பு அதிகமுள்ள கடின நீர், அந்த வேறுபாடு கோப்பையில் தெரியும். அப்புறம், ‘ஹாஃப் அண்ட் ஹாஃப்’ என்று விற்பதை டீயில் ஊற்றுகிறீர்களா? அதில் பாதி க்ரீம். லண்டனில் பச்சை மூடி போட்ட பால் வாங்குவீர்களே, அதற்கு நெருக்கமானது இங்கே 2 சதவீதப் பால். தண்ணீரை மைக்ரோவேவில் சூடு காட்டாமல் இங்கேயே ஒரு கெட்டில் வாங்கிக் கொதிக்க வையுங்கள். லண்டன் கெட்டிலை அடாப்டர் போட்டுச் செருகினால் 120 வோல்ட்டில் அது கொதிக்கும் முன் பையன் பள்ளிக்குப் போயிருப்பான்.