மைத்துனரின் கடனை முடித்துவிட்டு வகுப்பறைக்குப் போங்கள்

கேள்வி: சேலம் அழகாபுரத்தில் வசிக்கிறேன், வயது 42. தனியார் வங்கியொன்றின் கடன் பிரிவில் 17 ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். கைக்கு வரும் சம்பளம் 1,18,000 ரூபாய். அடிப்படைச் சம்பளம் 48,000. எம்.பி.ஏ. நிதி படித்து, கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்விலும் தேறியிருக்கிறேன். கல்லூரியில் பாடம் நடத்துவது என் நெடுநாள் ஆசை. இங்குள்ள ஒரு கல்லூரி, தொழில் அனுபவத்தின் பேரில் ஒப்பந்தப் பேராசிரியராக 58,000 ரூபாய்க்கு அழைக்கிறது. மனைவியின் ஆசிரியைச் சம்பளம் 20,000. வீட்டுச் செலவு 62,000; வீட்டுக் கடன் தவணை 24,000. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் என் மனைவியின் அண்ணனுக்காக 2021-இல் என் பெயரில் 5 லட்சம் தனிநபர் கடன் எடுத்தேன். அதன்மேலேயே கூடுதல் கடன் வாங்கும் டாப்-அப் போட்டு அது 9 லட்சமாகி, பிறகு 12 லட்சமானது. வட்டி 14 சதவீதம். பாக்கி 11 லட்சம், இன்னும் 53 தவணைகள். 28,000 ரூபாய்த் தவணையை இப்போது நானே கட்டுகிறேன். என் எம்.பி.ஏ. கடைசி ஆண்டுக் கட்டணத்தைக் கட்டியவர் அவர். "வேலையை விடுறதுக்குள்ள இன்னொரு 4 லட்சம் எடுத்துக் கொடுங்க மாப்பிள்ளை" என்கிறார். சம்பளக் குறைவை ஈடுகட்ட, பி.எஃப். பணத்தில் ஏற்காட்டில் மாத வருமானம் தரும் காபித் தோட்ட மனை வாங்கலாமா?

பதில்: கடன் பிரிவில் 17 ஆண்டுகள் இருந்த உங்களுக்கு வட்டியைப் பற்றியோ காப்பீட்டைப் பற்றியோ நான் பாடம் எடுக்கப் போவதில்லை. உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைகொள்ள வைத்தது சம்பளக் குறைவு அன்று. அந்த டாப்-அப் பழக்கம்.

கணக்கைப் பாருங்கள். கல்லூரிக்குப் போனால் குடும்ப வருமானம் 78,000; செலவும் தவணைகளும் சேர்ந்து 1,14,000; துண்டு விழுவது மாதம் 36,000. இதில் 28,000 மைத்துனரின் கடனுக்கானது. அந்தத் தவணை இல்லையென்றால் மீதிப் பள்ளம் 8,000 மட்டுமே. அதை வீட்டுச் செலவைச் சற்று இறுக்கியே சமாளித்துவிடலாம். ஆக, ஆசிரியர் பணிக்கும் உங்களுக்கும் நடுவில் நிற்பது அந்த ஒரு கடன்தான்.

நீங்கள் ஏற்கப்போகும் பதவியின் ஆயுளையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 15 ஆண்டு அனுபவம் உள்ளவர்களை முனைவர் பட்டம் இல்லாமலே இவ்வாறு நியமிக்கலாம்; ஆனால் பணிக்காலம் மூன்று ஆண்டுகள், விதிவிலக்காக ஓராண்டு நீட்டிப்பு, மொத்தம் நான்கு ஆண்டுகளுக்கு மேல் இல்லை. அதாவது 48 மாதங்கள் மட்டுமே நீடிக்கக்கூடிய வேலையை நம்பி 53 மாதக் கடனைச் சுமக்கப் போகிறீர்கள். இன்னும் 4 லட்சம் எடுத்தால் அந்த இடைவெளி மேலும் விரியும். நிலையான வழி உங்கள் நெட் தேர்ச்சியில்தான் இருக்கிறது. 2023 ஜூலையிலிருந்து உதவிப் பேராசிரியர் பணிக்கு அதுவே போதுமான தகுதி. மானியக் குழு நிர்ணயித்த ஊதியம் தரும் இடங்களில் தொடக்க அடிப்படைச் சம்பளமே 57,700. சுயநிதிக் கல்லூரிகள் பெரும்பாலும் அவ்வளவு தருவதில்லை என்பதால் அரசு உதவி பெறும் கல்லூரி அறிவிப்புகளைத் தவறவிடாதீர்கள்.

ஆகவே, கல்லூரியிடம் அடுத்த ஜூனில் சேர்வதாகக் கேட்டுப் பாருங்கள். இப்போது உங்கள் வீட்டில் மாதம் 24,000 மிஞ்ச வேண்டும். அதைத் தவணையோடு சேர்த்து மாதம் 52,000 வீதம் ஓராண்டு கட்டினால் 11 லட்சம் ஏறத்தாழ 6 லட்சமாகும். பதினெட்டு ஆண்டுப் பணிக்கொடை (கிராஜுவிட்டி), அடிப்படைச் சம்பளத்தை 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து ஆண்டுகளால் பெருக்கினால், சுமார் 5 லட்சம். 20 லட்சம் வரை அதற்கு வரியும் இல்லை. மிச்சம் நிற்பது 1 லட்சம். முன்கூட்டிக் கட்டுவதற்குக் கட்டணம் உண்டா என்பதை மட்டும் பத்திரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக் கடன் ஊழியர் சலுகை வட்டியில் இருந்தால், பணி விலகும்போது பொது வட்டிக்கு மாறுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மாறினால் அந்த 8,000 பள்ளம் சில ஆயிரம் கூடும். அந்த ஓராண்டில் பகுதிநேர முனைவர் பட்டத்துக்கும் பதிவு செய்யலாம். குறைந்தது மூன்று ஆண்டுகள் ஆகும் படிப்பு அது, சீக்கிரம் தொடங்குவதே நல்லது.

இனி மைத்துனர். அவர் உங்கள் படிப்புக்குக் கட்டியதை மறக்கச் சொல்லமாட்டேன். அது பெரிய உதவி. ஆனால் பழைய கடனை விழுங்கிப் புதுக் கடன் எழுதும் வாடிக்கையாளர் உங்கள் மேசைக்கு வந்திருந்தால் என்ன குறிப்பு எழுதியிருப்பீர்கள்? ஒவ்வொரு டாப்-அப்பிலும் அவருடைய தொழிலின் உண்மை நிலை உங்கள் சம்பளச் சீட்டுக்குப் பின்னால் மறைந்துகொண்டே வந்திருக்கிறது. அவருக்கு மூலதனம் தேவைதான். 2025-இல் வெள்ளி கிலோ ஒரு லட்சத்தைத் தாண்டியபின், அதே எடைச் சரக்குக்கு முன்பைவிட அதிகப் பணம் வேண்டும். அதே காரணத்தால் பட்டறையில் இருக்கும் பழைய வெள்ளிக்கும் விலை ஏறியிருக்கிறது. அதில் ஒரு பகுதியை விற்று இந்தக் கடனுக்குத் தரச் சொல்லலாம். மேற்கொண்டு தேவைப்பட்டால், சிறுதொழில்களுக்கான உதயம் பதிவு செய்து, சிறுதொழில் கடனான முத்ராவுக்கு அவர் பெயரிலேயே விண்ணப்பிக்கட்டும். கணக்கு வழக்குகளை ஒழுங்குபடுத்திக் கொடுங்கள், அதற்கு உங்களைவிடத் தகுந்த ஆள் அவருக்குக் கிடைக்கமாட்டார். கையெழுத்து மட்டும் போடாதீர்கள், ஜாமீன்தாரராகவும்கூட.

ஏற்காட்டு மனையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காபிச் செடி காய்ப்புக்கு வரவே மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். சில்வர் ஓக் மரத்தில் ஏற்றும் மிளகும் உடனே காசு தராது. அப்படியிருக்க முதல் மாதத்திலிருந்தே வருமானம் என்றால், அது உங்கள் பணத்தையே உங்களுக்குத் திருப்பித் தருவதாக இருக்க வாய்ப்பு அதிகம். 2012-இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழியில் பணம் போட்டவர்களுக்கும் இப்படித்தான் மாதத் தொகை சொன்னார்கள். எத்தனை குடும்பங்கள் தவித்தன என்பது நம் வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். பலரிடம் திரட்டிய பணத்தில் தோட்டம் நடத்தி வருமானம் பங்கிடும் திட்டத்துக்கு, முதலீட்டுச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் பதிவு வேண்டும். முதலில் அதைக் கேளுங்கள். 2024-25-க்கு 8.25 சதவீத வட்டி தந்த பி.எஃப். இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்.

இந்த வாரமே மனைவியிடம் கணக்கை முழுதாகக் காட்டுங்கள். மைத்துனரிடம் பேசும்போது அவரும் உடன் இருக்க வேண்டும். அண்ணனிடம் "இல்லை" என்று சொல்லும் பொறுப்பை அவர் தலையில் சுமத்தாமல் நீங்களே சொல்லிவிடுங்கள்.