தெருவில் உள்ள நூறு வருடக் கட்டடத்தை இடிக்கச் சொல்லி அக்கம்பக்கத்தினரே மனு கொடுத்திருக்கிறார்கள். எப்படிக் காப்பாற்றுவது?

பாம்பு வருகிறது, சுவர் விழுந்துவிடும், ராத்திரியில் குடிக்க ஆள் வருகிறது. உங்கள் தெருக்காரர்கள் மனுவில் இந்த மூன்றும் கட்டாயம் இருக்கும். எங்கள் ஊரிலும் இதேதான்.

கோபிச்செட்டிபாளையம் பக்கம் எங்கள் ஊர். ஆடியில் அந்தியூர் குருநாதசாமி தேருக்கும் மாட்டுச் சந்தைக்கும் வண்டி கட்டிப் போனவர்கள் தங்கிய சாவடி ஒன்று ஊர் முகப்பில் உண்டு. இடித்துவிட்டுச் சமுதாயக்கூடம் கட்டலாம் என்று ஊர்க்கூட்டத்தில் பேச்சு வந்தது. நான் எழுந்து பழமை, பாரம்பரியம் என்று ஆரம்பித்தேன். பெரியப்பா முறையுள்ள ஒருவர், "செவுரு உழுந்து ஒரு கொழந்தைக்கு அடிபட்டா நீயாடா வந்து பதில் சொல்லுவ?" என்றார். என்னால் வாய் திறக்க முடியவில்லை.

   

அடுத்த ஞாயிறு நாலு பேர் சேர்ந்து சீமைக்கருவேலத்தை வெட்டினோம். உடைந்த ஓடுகளை மாற்றினோம். திண்ணையோரம் மண்ணை வழித்தபோது மாடு கட்டும் இரும்பு வளையங்கள் ஆறு வரிசையாக வந்தன. கயிறு உரசி உரசி ஒவ்வொன்றும் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது. பார்க்க வந்த ஒரு ஆத்தா, "எங்க மாமனாரு காளை கட்டுன எடம் சாமி இது" என்று வளையத்தைப் பிடித்தபடியே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். ஊர்ப்பேச்சு மாறியது அன்றைக்குத்தான்.

அப்புறம் சுவர். முன்பு யாரோ அடிப்பக்கம் சிமென்ட் பூசியிருந்தார்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்புப் பூத்து, உள்ளே இருந்த சுண்ணாம்புக் காரையும் சேர்ந்து உதிர்ந்தது. வயதான கொத்தனார் ஒருவரைத் தேடிப் பிடித்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர் விட்டுச் சுண்ணாம்பு அரைத்துப் பூசினோம்.

சட்டம் இருக்கிறதே என்பார்கள். பழைய நினைவுச் சின்னங்களைக் காக்கத் தமிழ்நாட்டில் 1966 சட்டம் உண்டு, 2012ல் மரபு ஆணையத்துக்கென்றே ஒரு சட்டமும் வந்தது. மனு போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கோவையில் 1914ல் தென்னிந்திய சினிமா முன்னோடி சாமிக்கண்ணு வின்சென்ட் கட்டிய வெரைட்டி ஹால் தியேட்டரையே இடித்தாகிவிட்டது. ரோட்டுக்குத்தான் அந்தப் பெயர் மிச்சம்.

நாங்களும் முழுதாகக் காப்பாற்றவில்லை. பின்கட்டை விட்டுக்கொடுத்தோம், அங்கே கூடம் எழும்பிவிட்டது. 'அதை ஏன் விட்டாய்' என்று கேட்பவர்கள் கேட்கலாம், எனக்கும் அந்த வருத்தம் தீரவில்லை. கொடுக்காமல் இருந்திருந்தால் முன்பக்கமும் நின்றிருக்காது.

உங்கள் கட்டடத்துச் சுவரில் ஆலங்கன்றோ அரசங்கன்றோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மேலாக வெட்டினால் மறுபடி துளிர்க்கும். எங்கள் மேற்குச் சுவரில் விரல் தடிமனுள்ள வேர் ஒரு முழம் உள்ளே ஓடியிருந்தது. மழைக்கு முன்னால் வேரோடு எடுத்து, அந்த ஓட்டையைச் சுண்ணாம்பு வைத்து அடைத்துவிடுங்கள்.