மருத்துவர் பதில்: எத்தனை டிகிரி ஆனால் பயப்பட வேண்டும்?

கேள்வி: என் மகளுக்கு மூன்று வயது, எடை 12 கிலோ. சென்ற மாதம் காய்ச்சல் 103 டிகிரி வரை ஏறியது. பாராசிட்டமால் சிரப் கொடுத்தால் குறைந்து, சில மணி நேரத்தில் மறுபடியும் ஏறியது. கம்பளி போர்த்தி வியர்க்கவிட வேண்டும் என்கிறார் மாமியார். ஐஸ் தண்ணீரில் துணியை நனைத்துப் போடலாம் என்கிறார் கணவர். எத்தனை டிகிரி ஆனால் பயப்பட வேண்டும்? வலிப்பு வந்துவிடுமா?

பதில்: எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. மூன்று மாதம் நிறையாத கைக்குழந்தைக்கு 100.4 டிகிரியைத் தொட்டாலே, குழந்தை பார்வைக்கு நன்றாக இருந்தாலும், வீட்டில் காத்திராமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். உங்கள் மகளின் வயதில் எண் அவ்வளவாக எதையும் சொல்லிவிடாது. 103 டிகிரி அடித்தும், மருந்து கொடுத்த ஒரு மணி நேரத்தில் எழுந்து விளையாடும் குழந்தையைவிட, 101 டிகிரியில் துவண்டு கிடந்து, கூப்பிட்டாலும் கண்ணைத் திறக்காத குழந்தையைப் பற்றியே மருத்துவர்கள் அதிகம் கவலைப்படுவார்கள்.

நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதை நம்பாமல், டிஜிட்டல் தெர்மாமீட்டரை அக்குளில் வைத்துப் பாருங்கள். அங்கே காட்டும் அளவு உடலின் உள்வெப்பத்தைவிடச் சற்றுக் குறைவாக இருக்கும் என்பதால், 99.5 டிகிரிக்கு மேல் இருந்தாலே காய்ச்சல் என்று கொள்ளலாம்.

மருந்து கொடுத்தும் காய்ச்சல் திரும்பி வந்ததைக் கண்டு, மருந்து வேலை செய்யவில்லை என்று நினைக்க வேண்டாம். பாராசிட்டமால் வெப்பத்தையும் உடல்வலியையும் சில மணி நேரம் தணிக்குமே தவிர, காய்ச்சலுக்குக் காரணமான கிருமியை ஒன்றும் செய்யாது. குழந்தை அசௌகரியப்படும்போது, ஒரு கிலோ எடைக்கு 15 மில்லிகிராம் வரை ஒரு வேளைக்குக் கொடுக்கலாம். உங்கள் மகளுக்கு அது 180 மில்லிகிராம். இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். கடைகளில் 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள சிரப்பும் கிடைக்கிறது, 250 மில்லிகிராம் உள்ளதும் கிடைக்கிறது. முதலாவதில் ஏழரை மில்லியும் இரண்டாவதில் மூன்றரை மில்லியும் ஏறக்குறைய ஒரே அளவு மருந்துதான். கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்திலோ ஒரே மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். அதை சிரப் என்று நினைத்து ஏழரை மில்லி ஊற்றினால், கொடுக்க வேண்டியதைப் போல் நான்கு மடங்குக்கும் மேல் உள்ளே போய்விடும். அதிகப்படியான பாராசிட்டமால் கல்லீரலைப் பாதிக்கும். ஆகவே ‘எத்தனை மில்லி’ என்பதை மட்டும் நினைவில் வைக்காமல் புட்டியின் லேபிளைப் படியுங்கள். சமையலறைக் கரண்டியால் அளக்காதீர்கள். ஆறு மணி நேர இடைவெளி விட்டு, ஒரு நாளில் நான்கு வேளைக்கு மிகாமல் கொடுங்கள். ஆஸ்பிரின் குழந்தைகளுக்குக் கூடவே கூடாது. நிமெசுலைடு என்ற காய்ச்சல், வலி மருந்தை 12 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குக் கொடுப்பது இந்தியாவில் 2011 முதல் தடைசெய்யப்பட்டிருக்கிறது.

கம்பளி, ஐஸ் இரண்டும் வேண்டாம். கம்பளி வெப்பத்தை வெளியேறவிடாது. ஐஸ் தண்ணீர் தோலின் இரத்தக் குழாய்களைச் சுருக்கி, நடுக்கத்தை உண்டாக்கி, உள்வெப்பத்தை ஏற்றிவிடும். மெல்லிய பருத்தி உடை, காற்றோட்டமான அறை, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் கஞ்சியோ இளநீரோ ஓ.ஆர்.எஸ். கரைசலோ போதும். சாப்பிட மறுத்தால் வற்புறுத்த வேண்டாம், குடிப்பதுதான் முக்கியம்.

காய்ச்சல் வலிப்பு ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 2 முதல் 5 பேருக்கு வரக்கூடியது. பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் பெரும்பாலும் ஐந்து நிமிடங்களுக்குள் நின்றுவிடும், மூளையைப் பாதிப்பதில்லை. பாராசிட்டமாலை முன்கூட்டியே கொடுத்து அதைத் தடுக்கவும் முடியாது. வந்துவிட்டால் குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். சாவிக்கொத்தைக் கையில் திணிப்பதாலும் பயனில்லை. ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108-ஐ அழையுங்கள். முதல் முறை வந்த வலிப்பு தானாக நின்றாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

மழைக்காலத்தில் டெங்குவை மறக்கக் கூடாது. டெங்குவில் பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் ஆபத்து தொடங்குகிறது. வெப்பம் தணிந்த பிறகும் குழந்தை சோர்ந்து கிடந்தாலோ, கடுமையான வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தக் கசிவு, சில்லிட்ட கைகால்கள் இவற்றில் ஒன்று தென்பட்டாலோ, இரவானாலும் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். டெங்கு இல்லை என்று உறுதியாகும் வரை ஐபுப்ரோஃபென், மெஃபெனமிக் அமிலம் கலந்த சிரப்புகள் இரத்தக் கசிவைக் கூட்டக்கூடும் என்பதால் தவிர்க்கப்பட வேண்டியவை.

இவை தவிர, ஆறேழு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, மூச்சு நிமிடத்துக்கு 40-க்கு மேல் வாங்குவது, கழுத்து விறைப்பு, அழுத்தினாலும் மறையாத செந்நிறப் புள்ளிகள் ஆகியவையும் உடனே காட்ட வேண்டியவை. இவை எதுவும் இல்லாவிட்டாலும், காய்ச்சல் மூன்றாம் நாளும் தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள். போகும்போது, எந்த மணிக்கு எத்தனை டிகிரி இருந்தது, எப்போது எவ்வளவு மருந்து கொடுத்தீர்கள் என்று ஒரு தாளில் குறித்து, அந்த மருந்துப் புட்டியையும் எடுத்துச் செல்லுங்கள்.