திறந்த மூலத் திட்டத்துக்குப் புது டெவலப்பர்களை எப்படி வரவழைப்பது, வந்தவர்களை எப்படித் தங்க வைப்பது?

மூன்று பேர் சேர்ந்து ஒரு திறந்த மூல லைப்ரரியை, அதாவது மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும், யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய கோடைப் பராமரிக்கிறீர்கள். பயன்படுத்துவோர் நிறைய, பங்களிப்போர் இல்லை. வருகிற ஓரிருவரும் ஒரு பேட்ச் (கோடில் செய்த திருத்தம்) அனுப்பிவிட்டுக் காணாமல் போகிறார்கள். அக்டோபர்தோறும் திறந்த மூலப் பங்களிப்பை ஊக்குவிக்கும் ஹேக்டோபர்ஃபெஸ்டில் சேர்ந்தால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஹேக்டோபர்ஃபெஸ்டை முதலில் முடித்துவிடுகிறேன். 2014-இல் டிஜிட்டல்ஓஷன் நிறுவனம் தொடங்கியது. அக்டோபரில் சில புல் ரிக்வெஸ்ட் (என் திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற கோரிக்கை) அனுப்பினால் டி-ஷர்ட் என்பது பல ஆண்டுகள் அதன் கவர்ச்சியாக இருந்தது. 2020-இல் திட்டத்தை அறிமுகப்படுத்தும் ரீட்மீ கோப்பில் ஒரு சொல்லை மாற்றி அனுப்பும் புல் ரிக்வெஸ்டுகள் வந்து குவிந்தன. மாதம் பிறந்த சில நாட்களிலேயே, சம்மதம் தெரிவித்த திட்டங்களுக்கு மட்டும்தான் என்று விதியை மாற்ற வேண்டியதாகிவிட்டது. சேர்ந்தால் கூட்டம் வரும்தான். வந்தவர்களுக்குப் பதில் சொல்ல உங்கள் மூவரில் யாருக்கு நேரம் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். யாருக்கும் இல்லை என்றால் இந்த வருடம் வேண்டாம்.

திட்டத்தின் உள்ளும் புறமும் தெரிந்த ஒருவர், தன் நேரத்தில் ஒரு பங்கைப் புதியவர்களுக்கென்றே ஒதுக்கினால்தான் ஆள் சேரும். இதைச் சரியாகச் செய்த திட்டம் என்று நான் எல்லோரிடமும் சொல்வது, ஆவணங்களும் கணக்குத்தாள்களும் தயாரிக்கும் அலுவலக மென்பொருளான லிப்ரெஆபிஸ்.

அவர்கள் தொடங்கிய நிலைமையைப் பாருங்கள். 1980-களில் ஜெர்மனியில் பிறந்த ஸ்டார்ஆபிஸ், 1999-இல் சன் நிறுவனத்தின் கைக்கு வந்து ஓபன்ஆபிஸ் ஆனது. 2010 செப்டம்பரில் அதிலிருந்து பிரிந்ததுதான் லிப்ரெஆபிஸ். கையில் இருந்தது சி++ என்ற நிரல்மொழியில் எழுதிய பிரம்மாண்டமான கோட். உள்ளே இருந்த கமென்ட்களில் (விளக்கக் குறிப்புகளில்) ஏராளமானவை ஜெர்மன் மொழியில். பில்ட் செய்வதே, அதாவது கோடை ஓடும் மென்பொருளாக்குவதே, பெரும்பாடு. புதிதாக ஒருவர் திறந்து பார்த்தால் ஓடித்தான் போவார்.

அவர்கள் அந்தக் குப்பையையே புதியவர்களுக்கு வாசலாக்கினார்கள். ஜெர்மன் கமென்ட்களை ஆங்கிலத்துக்கு மாற்றுவது, எங்குமே அழைக்கப்படாத ஃபங்ஷன்களைக் கண்டுபிடித்து நீக்குவது போன்ற வேலைகளை ‘ஈஸி ஹேக்ஸ்’ என்று பட்டியல் போட்டார்கள். இதில் எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று உண்டு. ஒரு வேலையை ஈஸி ஹேக் என்று குறித்தால், கோடில் எந்த இடத்தைத் தொட வேண்டும் என்பதையும் அதிலேயே எழுத வேண்டும். எவ்வளவு கடினம், சி++ தெரிய வேண்டுமா, பைத்தான் போதுமா என்பதற்கெல்லாம் தனித்தனிக் குறிச்சொற்கள் உண்டு. அப்புறம், ஓபன்ஆபிஸுக்குப் பங்களிக்க வேண்டுமென்றால் பதிப்புரிமையைச் சன் நிறுவனத்தோடு பகிர்ந்துகொள்ளும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. லிப்ரெஆபிஸ் அதைத் தூக்கிவிட்டு, என் பங்களிப்பை இன்ன உரிமத்தில் தருகிறேன் என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் போதும் என்றது.

கோட் வைக்கும் தளமான கிட்ஹபில் உங்கள் பக்கத்தில் ‘குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ’ (புதியவருக்கு ஏற்ற வேலை) என்ற லேபிளோடு இருப்பவற்றை இந்தக் கண்ணோடு படித்துப் பாருங்கள். பெரும்பாலான திட்டங்களில் ஒற்றை வரிதான் இருக்கும்: “எரர் கையாள்வதை மேம்படுத்த வேண்டும்.” எந்தக் கோப்பு, எந்த ஃபங்ஷன், எந்த டெஸ்ட் பாஸ் ஆக வேண்டும், சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது என்று நான்கு வரி எழுதினால் அதே இஷ்யூவை ஒரு கல்லூரி மாணவரால் எடுக்க முடியும். எழுத அரை மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் நாமே சரிசெய்துவிடலாமே என்று தோன்றும். நான் உதவும் திட்டத்தில் சில சின்ன பக்குகளை (பிழைகளை) தெரிந்தே சரிசெய்யாமல் இப்படி எழுதி வைக்கிறோம். அவசரமில்லாத பக் என்றால் நீங்களும் தயங்காமல் அப்படி விட்டுவைக்கலாம்.

அடுத்தது ரிவ்யூ, அதாவது வந்த பேட்ச்சைப் படித்துக் கருத்துச் சொல்வது. ஃபயர்ஃபாக்ஸ் உலாவியை உருவாக்கும் மொசில்லாவில் ஆராய்ந்தபோது, முதல் பேட்ச்சுக்கு 48 மணி நேரத்துக்குள் ரிவ்யூ கிடைத்தவர்கள் மிக அதிகமாகத் திரும்பி வந்தார்கள். ஏழு நாளுக்கு மேல் காத்திருந்தவர்கள் அநேகமாகத் திரும்பவே இல்லை. உங்கள் ஆட்கள் ஏன் காணாமல் போகிறார்கள் என்பதற்கு, அவர்களுடைய பேட்ச் எத்தனை நாள் பதிலில்லாமல் கிடந்தது என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். முழு ரிவ்யூ செய்ய முடியாவிட்டாலும் பரவாயில்லை. “பார்த்தேன், சனிக்கிழமை விரிவாக எழுதுகிறேன்” என்று ஒரு வரி போட்டுவிட்டு, சொன்னபடி சனிக்கிழமை எழுதுங்கள். ஸ்பேஸ், கமா பிழைகளையெல்லாம் ஃபார்மேட்டர் என்ற கருவி பார்த்துக்கொள்ளட்டும். முதல் பேட்ச்சிலேயே இருபது திருத்தம் சொல்லாதீர்கள்.

யாரை அழைக்கிறோம் என்பதை வாய்விட்டுச் சொல்வதும் பலன் தரும். 2006-இல், மாணவர்களைத் திறந்த மூல வேலையில் சேர்க்கும் கூகுள் சம்மர் ஆஃப் கோடுக்காக, லினக்ஸ் டெஸ்க்டாப்பான க்னோம் திட்டத்துக்கு 181 விண்ணப்பங்கள் வந்தன. ஒன்றுகூடப் பெண்களிடமிருந்து இல்லை. அதே கோடையில் பெண்களுக்கென்று தனியாக அறிவித்தபோது 100-க்கு மேல் வந்தன. அதுதான் பின்னாளில் அவுட்ரீச்சி என்ற பயிற்சித் திட்டம் ஆனது. விண்ணப்பிக்கும் கட்டத்திலேயே ஏதாவது ஒரு திட்டத்துக்குச் சின்னதாகப் பங்களித்திருக்க வேண்டும் என்பது அதன் விதி. மூன்று பேர் நடத்தும் திட்டத்துக்கும் இது பொருந்தும். பொதுவாக “வாருங்கள்” என்பதைவிட, உங்கள் லைப்ரரியில் நல்ல பக் ரிப்போர்ட் எழுதும் பயனரிடம் நேரடியாக, “இதை நீங்களே சரிசெய்து பார்க்கிறீர்களா, நான் கூட இருக்கிறேன்” என்று கேளுங்கள். எனக்குத் தெரிந்து நீடித்து நின்றவர்கள் பெரும்பாலும் இப்படி வந்தவர்கள்தான்.

கமிட் உரிமையை (கோடை நேரடியாக மாற்றும் உரிமையை) எப்போது கொடுப்பது என்றும் கேட்டிருந்தீர்கள். 2024-இல், கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் லைப்ரரியில் பின்கதவு (ரகசியமாக உள்ளே நுழையும் வழி) வைத்தது, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பொறுமையாகப் பங்களித்து நம்பிக்கை பெற்ற ஒரு ஆள். அதற்குப் பிறகு புதியவர்களைக் கண்டாலே பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்த லைப்ரரியை அதுவரை ஒருவரே களைத்துப்போய்த் தாங்கிக்கொண்டிருந்தார். சீக்கிரம் பொறுப்பைக் கொடு என்று வேறு பெயர்களில் நெருக்குதலும் வந்தது. மூன்று பேரும் தெம்பாக இருக்கும்போதே ஆள் சேருங்கள். முதலில் மற்றவர்களின் பேட்ச்களை ரிவ்யூ செய்யச் சொல்லுங்கள், சில மாதம் கழித்து மெர்ஜ் உரிமை (பேட்ச்சைத் திட்டத்தில் சேர்க்கும் உரிமை) கொடுங்கள். ரிலீஸ் போடுவதை மட்டும் எப்போதும் இரண்டு பேர் பார்க்கும்படி வைத்துக்கொள்ளுங்கள், அந்த இருவரில் ஒருவர் நீங்களாக இருந்தாலும்.