வாழைப்பழமும் சினிமா பேனரும் – கடிதம்

வணக்கம் ஐயா,

பொருளைவிட அதன் பின்னால் இருக்கும் எண்ணமே படைப்பு என்கிற கருத்துருக் கலையை (conceptual art) ஆதரித்து நீங்கள் போன மாதம் எழுதிய கட்டுரையைப் படித்தேன். உங்கள் பல கருத்துகளோடு எனக்கு உடன்பாடு உண்டு. இதில் இல்லை.

என் அப்பா மதுரையில் சினிமா பேனர் வரைந்தவர். கம்பெனியில் முகம் அவர்தான் போடுவார். கையளவு ஸ்டில் போட்டோவில் கட்டம் போட்டு, அதைத் துணியில் பெரிதாக்குவார். ஒரு கண்ணே ஆள் உயரம் வரும். பக்கத்தில் நின்றால் வெறும் கலர்த் திட்டுதான். தெருமுனைக்குப் போய்த் திரும்பிப் பார்த்தால் சிவாஜி நம்மையே பார்த்துக்கொண்டிருப்பார். அப்புறம் ஃப்ளெக்ஸ் வந்தது, வேலை போய்விட்டது. கடைசிக் காலத்தில் கடைப் பலகையும் வண்டி நம்பரும் எழுதினார். அவரை யாரும் கலைஞர் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

சுவரில் டேப் போட்டு ஒட்டிய வாழைப்பழம் அறுபது லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போகிறது. அதைக் கலை என்கிறார்கள். கைத்திறன் எதுவும் இல்லாத ஒன்றை ஏன் கலை என்று ஒப்புக்கொள்ள வேண்டும்? பாராட்டுகிறவர்களில் பாதிப்பேர், புரியவில்லை என்று சொன்னால் மட்டமாக நினைப்பார்களே என்ற பயத்தில்தான் பாராட்டுகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. நண்பர்கள் அடுத்த கொச்சி பினாலே கலைக் கண்காட்சிக்குக் கூப்பிடுகிறார்கள். லீவு போட்டு, காசு செலவழித்துப் போகும் அளவுக்கு அதில் ஏதாவது இருக்கிறதா? கோபமாக எழுதியிருந்தால் மன்னிக்கவும்.

ம., ஈரோடு

*

அன்புள்ள ம.,

மன்னிப்பெல்லாம் வேண்டாம். கலையைப் பற்றிக் கோபப்பட நமக்கு ஆட்கள் வேண்டும்.

வாழைப்பழத்தை முதலில் பேசி முடித்துவிடுவோம். அந்தப் படைப்பின் மேல் எனக்கும் பெரிய மதிப்பு இல்லை. இத்தாலியக் கலைஞர் மௌரிசியோ கத்தேலன் 2019 டிசம்பரில் மியாமியில் நடந்த கலைச் சந்தையில் அதை ஒட்டினார். விற்பனைக்கென்று மூன்று பிரதிகள். அதில் ஒன்றுதான் 2024 நவம்பரில் நியூயார்க் சதபீஸ் ஏலத்தில் 62 லட்சம் டாலருக்குப் போனது, நம் கணக்கில் 52 கோடி ரூபாய் பக்கம். வாங்கிய கிரிப்டோ தொழிலதிபர் ஜஸ்டின் சன் சில நாட்களிலேயே ஹாங்காங்கில் பத்திரிகையாளர்கள் முன்னால் பழத்தை உரித்துச் சாப்பிட்டார். அதில் அவருக்கு நஷ்டம் எதுவும் இல்லை. அவர் வாங்கியது ஒரு சான்றிதழும், எந்த உயரத்தில் எப்படி ஒட்ட வேண்டும் என்ற குறிப்பும்தான். பழம் அழுகும்போதெல்லாம் வேறு பழம் ஒட்டிக்கொள்ளலாம்.

ஆனால் என் குறை விலை பற்றியது அல்ல. அந்தப் படைப்பு செய்தியோடு முடிந்துவிடுகிறது. ‘சுவரில் ஒரு வாழைப்பழத்தை டேப்பால் ஒட்டினார்கள்’ என்று கேள்விப்பட்ட அந்த நிமிஷமே ஈரோட்டில் இருக்கும் உங்களுக்கு அது முழுசாகக் கிடைத்துவிட்டது. மியாமிக்குப் போய் வரிசையில் நின்றவருக்கு அதைவிட அதிகமாக என்ன கிடைத்திருக்கும்? கருத்துருக் கலையில் ஒன்று தேறுமா தேறாதா என்று நான் பார்ப்பது இதை வைத்துத்தான். சொல்லக் கேட்டாலே போதும் என்றால் அங்கே தகவல் இருக்கிறது, படைப்பு இல்லை.

விலையை மட்டும் வைத்துப் பேசினால் எந்தக் கலையும் தப்பாது. ‘சால்வேட்டர் முண்டி’ என்ற ஓவியம் 2017-ல் 45 கோடி டாலருக்கு மேல் ஏலம் போனது. அதில் லியோனார்டோவின் கை எவ்வளவு, சீடர்களின் கை எவ்வளவு என்று நிபுணர்களுக்குள் இன்னும் வழக்கு தீரவில்லை. அது பலகையில் தூரிகையால் தீட்டிய ஓவியம்தான். ஏலத்தொகை வாங்குகிறவரின் பணத்தையும் ஆசையையும் பற்றித்தான் சொல்லும்.

உண்மையில் 1960-களில் கருத்துருக் கலை வளர்ந்ததற்கு ஒரு முக்கியமான காரணமே, வாங்கிக்கொண்டு போய் வீட்டுச் சுவரில் மாட்டும் பொருளாகக் கலை சுருங்கிவிட்டதே என்ற எரிச்சல்தான். பொருளே இல்லாவிட்டால் எதை விற்பார்கள் என்று சிலர் நினைத்தார்கள். சந்தை சளைக்கவில்லை, சான்றிதழை விற்கக் கற்றுக்கொண்டது. அதற்காக அந்த முதல் எரிச்சல் பொய்யாகிவிடாது. மியர்லே லேடர்மன் யுகெலஸ் என்ற அமெரிக்கப் பெண் 1979-ல் தொடங்கி அடுத்த ஆண்டு வரை செய்த ஒரு வேலையைச் சொல்கிறேன். நியூயார்க் நகரத்துத் துப்புரவுத் தொழிலாளர்கள் சுமார் 8,500 பேர். அவர்கள் வேலை செய்யும் இடத்துக்கே தேடிப் போய், ஒவ்வொருவரோடும் கைகுலுக்கி, இந்த நகரத்தை உயிரோடு வைத்திருப்பதற்கு நன்றி என்று சொன்னார். அவ்வளவுதான் படைப்பு. அந்தக் கைகுலுக்கலை எந்த ஏலக்காரரும் விற்க முடியாது. குப்பை அள்ளுகிறவரின் கையைத் தொடுவது என்றால் என்ன என்று நம் ஊர்க்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. இதை நான் மட்டமான கலை என்று ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

பிரெஞ்சுக் கலைஞர் மார்செல் துஷாம்ப் 1917-ல் நியூயார்க்கில் ஒரு சிறுநீர்ப் பீங்கானில் கையெழுத்துப் போட்டுக் கண்காட்சிக்கு அனுப்பியது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பணம் கட்டினால் யார் படைப்பையும் வைப்போம் என்று அறிவித்த சங்கமே அதை வைக்க மறுத்தது. எது கலை என்று தீர்மானிக்க நீ யார் என்ற அந்தக் கேள்வி அன்றைக்கு நியாயமானது, துணிச்சலானது. அதே கேள்வியை நூறு வருஷம் கழித்தும் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருப்பவர்களிடம்தான் எனக்குப் பொறுமை இல்லை. வாழைப்பழம் அந்த வகை.

இனி கைத்திறன். உங்கள் கடிதத்தில் கனமான இடம் இதுதான். கருத்துருக் கலை என்றாலே கைக்கு வேலை இல்லை என்று நினைக்கிறீர்கள். ஆன் கவாரா என்று ஒரு ஜப்பானியர், நியூயார்க்கில் வாழ்ந்தவர், 2014-ல் இறந்துபோனார். 1966 ஜனவரி 4 அன்று ஒரு வேலையைத் தொடங்கினார். ஒரே நிறம் பூசிய கித்தானில் அன்றைய தேதியை வெள்ளை எழுத்தில் எழுதுவது. வேறு படம் கிடையாது, அலங்காரம் கிடையாது. கேட்பதற்கு இதுவும் வாழைப்பழம் போலத்தான் இருக்கிறது, இல்லையா? ஆனால் அவர் அதை எப்படிச் செய்தார் என்று பாருங்கள். பின்னணிக்குப் பூச்சு மேல் பூச்சாக, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது. அதன் மேல் அளவெடுத்துக் கோடு போட்டு, ஸ்டென்சில் இல்லாமல், ஒவ்வொரு எழுத்தையும் எண்ணையும் தூரிகையாலேயே எழுதினார். விளிம்பு பிசிறக் கூடாது. நள்ளிரவு பன்னிரண்டுக்குள் முடியாவிட்டால் கித்தானை அழித்துவிடுவார். முடிந்தால் அட்டைப்பெட்டியில் போடுவார், பல பெட்டிகளில் அன்றைய செய்தித்தாளின் பக்கமும் இருக்கும். எந்த ஊரில் இருக்கிறாரோ அந்த ஊர் மொழியில், அந்த ஊர் வழக்கப்படி தேதி; ரோமன் எழுத்து இல்லாத ஊர் என்றால் எஸ்பெராண்டோ என்ற செயற்கை மொழியில். ஏறக்குறைய ஐம்பது வருஷம் இப்படி. மூவாயிரத்தை நெருங்கும் கித்தான்கள்.

உங்கள் அப்பா இவற்றில் ஒன்றின் முன்னால் நின்றிருந்தால் முதலில் எழுத்தைத்தான் பார்த்திருப்பார். ஒரு எழுத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் எவ்வளவு விட்டிருக்கிறான், வளைவில் பிரஷ் எங்கே திரும்பியிருக்கிறது என்று பார்த்திருப்பார். கடைப் பலகை எழுதியவருக்கு அது கண்ணில் படாமல் போகாது. அதற்கு அப்புறம்தான் மற்றது. இந்த ஒரு நாள் முழுக்க இந்த மனிதன் இதற்காகவே உட்கார்ந்திருந்தான், அந்த நாள் போய்விட்டது, ஆளும் போய்விட்டார் என்பது பிறகு மெல்ல வந்து சேரும். எழுத்து அவ்வளவு நேர்த்தியாக இல்லாவிட்டால் அது வந்து சேராது.

உங்கள் அப்பாவின் பிழைப்பைக் கெடுத்தது கருத்துருக் கலை அல்ல, ம. ஒரு மெஷின் சில மணி நேரத்தில் அடித்துத் தள்ளும் பிளாஸ்டிக் துணி கெடுத்தது. அதை வரவேற்றவர்களில் நாம் எல்லோரும் உண்டு: தியேட்டர்காரர்கள், கட்சிக்காரர்கள், காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் போட்டோ போட்டு ஃப்ளெக்ஸ் வைத்த சொந்தக்காரர்கள். அவரைக் கலைஞர் என்று யாரும் சொல்லவில்லை என்கிறீர்கள். எனக்கு அதில் வெட்கம் இருக்கிறது. ஓவியம் பற்றித் தமிழில் எழுதும் நாங்கள் சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினோம். தெருவை அடைத்துக்கொண்டு நின்ற அந்த முகங்களை வரைந்தவர்களின் பெயரைக் கேட்டு எழுதி வைத்தவர்கள் குறைவு. இந்தக் கணக்கை எங்களிடம் கேளுங்கள். கேட்க வேண்டும். கத்தேலனிடம் கேட்டுப் பயன் இல்லை.

கொச்சிக்கு வருகிறேன். 2016-17 பினாலேயில் ஃபோர்ட் கொச்சி ஆஸ்பின்வால் ஹவுஸில், சிலி நாட்டுக் கவிஞர் ரவுல் சுரீத்தாவின் ஒரு படைப்பு இருந்தது. பெரிய பழைய கிடங்கு, அதன் தரை முழுக்கக் கடல் தண்ணீர். செருப்பைக் கழற்றிவிட்டு, பேன்ட்டை மடித்துவிட்டு இறங்கி நடக்க வேண்டும். பக்கச் சுவர்களில் கித்தான்கள், ஒவ்வொன்றிலும் ஒரு சின்னக் கேள்வி: கேட்கவில்லையா, பார்க்கவில்லையா என்பது போல. தண்ணீரில் வேகமாக நடக்க முடியாது, அதனால் அவற்றைத் தாண்டி ஓடிவிடவும் முடியாது. எதிர்ச்சுவரில் ஒரு கவிதை. 2015-ல் அகதிகள் வந்த படகு கவிழ்ந்து துருக்கிக் கடற்கரையில் குப்புறக் கிடந்த சிரியாக் குழந்தை அலன் குர்தியின் படத்தை உலகமே பார்த்தது. அதே படகில் அவன் அண்ணன் காலிப்பும் மூழ்கிச் செத்தான். அவனுக்கு அப்படி ஒரு படம் இல்லை. கவிதை அவனைப் பற்றியது. நான் அவன் தகப்பன் இல்லை, ஆனால் காலிப் குர்தி என் மகன் என்ற பொருளில் ஒரு வரி வரும். சுரீத்தா 1973 ராணுவக் கவிழ்ப்பின்போது பிடிபட்டுக் கப்பலின் அடித்தளத்தில் அடைத்து வைக்கப்பட்டவர்.

படித்துவிட்டுத் திரும்பினால் வெளியே வரவும் அதே தண்ணீர்தான். என் பக்கத்தில் ஒரு அம்மா சேலையைத் தூக்கிப் பிடித்தபடி பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தார். பையன் தண்ணீரில் இறக்கிவிடச் சொல்லி அடம்பிடித்தான், அவர் விடவில்லை. கவிதையை அவர் படித்தாரா என்று எனக்குத் தெரியாது. இதை நான் உங்களுக்கு எழுத்தில் சொல்லிவிட்டேன், ஆனால் உங்கள் கால் நனையவில்லை. வாழைப்பழத்தில் இல்லாதது இதுதான்.

பயத்தில் பாராட்டுகிறார்கள் என்பதும் பெருமளவுக்கு உண்மை. படைப்புக்குப் பக்கத்தில் ஒட்டி வைக்கும் விளக்க அட்டைகள்தான் இதில் முதல் குற்றவாளி. எழுதியவருக்கே புரியாத நடையில் எழுதி, நிற்கிறவரைக் கூனிக் குறுக வைக்கிறார்கள். புரியவில்லை என்றால் சத்தமாகவே புரியவில்லை என்று சொல்லுங்கள்.

பினாலேக்குப் போங்கள். எல்லாவற்றையும் பார்க்க வேண்டியதில்லை, பார்க்கவும் முடியாது. அட்டையைப் படிக்காமல் முதலில் படைப்பின் முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள். ஒன்றும் நடக்கவில்லை என்றால் அடுத்த அறைக்குப் போங்கள். பத்தில் ஏழெட்டு அப்படித்தான் இருக்கும், கவிதைத் தொகுப்புகளிலும் கணக்கு அதேதான். பிடித்தது, பிடிக்காதது இரண்டையும் எழுதி அனுப்புங்கள். எதிர்த்து எழுதினாலும் அப்படியே போடுகிறேன்.