தேதிச்சீட்டு இல்லாத சோற்றைச் சூடாக்கிப் போடச் சொன்னால்

ஏஜென்சி அனுப்பிய கேன்டீனில், தேதி ஒட்டாமல் ஃப்ரிட்ஜில் கிடந்த சோற்றைச் சூடாக்கிப் பரிமாறச் சொல்கிறார்கள், மறுத்தால் மறுபடி கூப்பிடமாட்டார்களோ என்று கேட்டிருக்கிறீர்கள்.

போடாதீங்க. சோற்றில் பேசில்லஸ் செரியஸ் (Bacillus cereus) என்ற கிருமி வளர்ந்து உண்டாக்கும் வாந்தி நச்சு, கொதிக்க வைத்தாலும் அழியாது. ஆறவிட்டபோது, கிருமி பெருகும் 5 முதல் 60 டிகிரி செல்சியஸுக்குள் எவ்வளவு நேரம் கிடந்ததோ, யாருக்குத் தெரியும்?

ஆனால் எல்லார் முன்னாலும் வாதாட வேண்டாம். "எப்போ செஞ்சதுன்னு தெரியலையே, புதுசா வடிச்சிடட்டுமா?" என்று கேளுங்க. பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். பிடிவாதம் பிடித்தால் அப்போதே ஏஜென்சிக்கு எழுத்தில் தகவல் சொல்லிவிடுங்க, பிரச்சினை வந்தால் பழி முதலில் தற்காலிக ஆள் தலையில்தான் விழும் (எந்தச் சமையலறையாக இருந்தாலும்!). நீங்கள் அளக்காத வெப்பநிலைக்குப் பதிவேட்டில் கையெழுத்தும் போடாதீங்க.