முட்டம் கல் வேண்டாம்: 200 லிட்டர் தொட்டிக்கு லைவ் ராக்

நாகர்கோவிலில் 200 லிட்டர் உப்புத்தண்ணீர் தொட்டிக்கு முட்டம் கடற்கரைக் கல்லை எடுத்துப் போடலாமான்னு கேட்டிருந்தீங்க. வேண்டாங்க. அது இறுகிய பாறை. துளை கிடையாது, மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா உள்ளே குடியேற இடமில்லை. அப்படிப் பாக்டீரியா குடியேறின துளையுள்ள கல்லைத்தான் லைவ் ராக்னு சொல்றோம். பவளம் ஒட்டின கல்லைத் தொடவே கூடாது. உயிரோடு இருந்தாலும் செத்திருந்தாலும் அது 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வருது. மணவாளக்குறிச்சிக் கருமணலும் ஆகாது. அதிலுள்ள இல்மனைட் (இரும்பு கலந்த கருப்புத் தாது) பம்பு ரோட்டரின் காந்தத்தில் ஒட்டி ஷாஃப்டைத் தேய்ச்சிடும்.

துளையுள்ள உலர் அரகோனைட் கல் (ஒருவகைச் சுண்ணாம்புக் கல்) 15 கிலோ வாங்குங்க. ஆர்ஓ தண்ணீரில் இரண்டு வாரம் ஊறட்டும், பாசியை வளர்க்கும் பாஸ்பேட் கசிஞ்சா தண்ணீரை மாத்துங்க. பிறகு தொட்டியில் உப்புத்தண்ணீரின் ஒப்படர்த்தி (நன்னீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.025, வெப்பம் 26 டிகிரி, அம்மோனியம் குளோரைடு விட்டு அம்மோனியா 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) இருக்கணும். இப்படி விட்ட அம்மோனியாவும், அது சிதைஞ்சு வரும் நைட்ரைட்டும் 24 மணி நேரத்தில் பூஜ்யமாகணும். தொட்டி அந்த நிலைக்கு வர பொதுவா 4 முதல் 6 வாரம் பிடிக்கும்.

பல்லுயிர் வரணும்னா, நல்லா ஓடுற பழைய தொட்டி வச்சிருக்கிறவங்க கிட்ட கைப்பிடி அளவு லைவ் ராக்கும் ஒரு கப் மணலும் கேளுங்க. அம்மோனியா இறங்கின பிறகுதான் போடணும். முன்னாடியே போட்டா புழு, கோப்பிபாட் (இறால் இனத்தைச் சேர்ந்த மிகச்சிறிய உயிர்) எல்லாம் செத்துடும். கொண்டு வரும்போது கல் தண்ணீருக்குள்ளேயே இருக்கட்டும். முதலில் ஹீட்டரும் பம்பும் வச்ச வாளியில் சில வாரம் தனியா வச்சுப் பாருங்க. தொட்டதும் சுருங்கும் பழுப்புநிற ஐப்டேசியா (களைபோலப் பரவும் சிறு கடல் அனிமோன்) இருந்தா பிய்க்காதீங்க, ஒவ்வொரு துண்டும் புதுசா முளைக்கும். கால்சியம் ஹைட்ராக்சைடு கூழை அதன் வாயில் ஊசியால் செலுத்துங்க. கோப்பிபாட் பெருகுற வரை அதைத் தின்னு வாழும் மாண்டரின் மீன் வாங்க வேண்டாம், பட்டினியில் செத்துப்போகும்.